அமெரிக்க அதிபர் தொடங்கும் போரைக் காங்கிரஸ் ஏன் நிறுத்துவதில்லை?

"அமெரிக்க அரசியல் சாசனம் போர் அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் 1942க்குப் பிறகு அவர்கள் ஒரு போரைக்கூட அறிவிக்கவில்லை. அப்படியென்றால் கொரியா, வியட்நாம், ஈராக், லிபியா எல்லாமே சட்டவிரோதப் போர்களா? காங்கிரஸ் ஏன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது சட்டத்தைப் பற்றியது. அதற்குப் பெருமளவு திட்டவட்டமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் கனமானது: ஓர் அதிபர் தன்னிச்சையாகப் படையை அனுப்பினால் அதை நிறுத்தும் கருவி யார் கையில் இருக்கிறது, அது ஏன் வேலை செய்வதில்லை? அதிபர்கள் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வாக்கெடுப்புப் பதிவுகளை வரிசையாகப் படித்தால், பறித்தது பாதி, விட்டுக்கொடுத்தது பாதி என்றே சொல்லத் தோன்றும். விட்டுக்கொடுத்த பாதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன், ஏனென்றால் மாற்ற முடிந்தது அதுதான்.

முதலில் சாசனம். அதன் முதல் பிரிவு போரை அறிவிப்பது, படை திரட்டுவது, அதற்குப் பணம் ஒதுக்குவது ஆகியவற்றை, செனட், பிரதிநிதிகள் சபை (கீழவை) என்ற இரு அவைகள் கொண்ட காங்கிரசிடம் வைக்கிறது. தரைப்படைக்கான ஒதுக்கீடு எதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டாவது பிரிவு அதிபரைப் படைகளின் தலைமைத் தளபதி ஆக்குகிறது. 1787 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் வரைவை விவாதித்தபோது, திடீர்த் தாக்குதலை எதிர்த்து நிற்க அதிபர் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்ற நோக்கத்தோடுதான் அங்கே கூடிய பிரதிநிதிகளில் மேடிசனும் ஜெரியும் வாசகத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆகவே இரண்டு விஷயங்களில் சந்தேகமில்லை. நாடு தாக்கப்பட்டால் திருப்பி அடிக்க அதிபருக்கு அனுமதி தேவையில்லை. தானாகப் போய் ஒரு நாட்டோடு முழுப் போர் தொடங்குவதைத் தனியொருவரின் முடிவுக்கு விட அந்தக் கூட்டத்தினர் விரும்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் தகராறு: வெளிநாட்டில் சிக்கிய குடிமக்களை மீட்கப் படை அனுப்புவது, ஒரே இரவில் முடியும் ஏவுகணைத் தாக்குதல், கூட்டாளி நாட்டின் போருக்கு உளவும் எரிபொருளும் கொடுப்பது. இவற்றுக்கு உச்ச நீதிமன்றம் இதுவரை எல்லைக்கோடு போட்டுக் கொடுக்கவில்லை. "இது தெளிவாகச் சட்டப்படியானது" என்றோ "தெளிவாகச் சட்டவிரோதம்" என்றோ இந்த நடுப்பகுதியைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்களை, எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், சற்று நிதானித்தே கேட்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் தேவை. முறையான போர் அறிவிப்பு இல்லை என்பதாலேயே ஒரு போர் சட்டவிரோதமாகிவிடாது. அமெரிக்க வரலாற்றில் ஐந்து போர்களில் மொத்தம் 11 அறிவிப்புகள் உண்டு. கடைசி மூன்று 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. ஆனால் அறிவிப்பு இல்லாமலே, ஒரு சாதாரணச் சட்டத்தின் மூலம் காங்கிரஸ் படைபலத்துக்கு அனுமதி தரலாம். 1798இல் பிரான்சோடு நடந்த கடற்சண்டையே அப்படித்தான் நடந்தது. 1800இலும் 1801இலும் வந்த தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் பார்க்க வேண்டியது அறிவிப்பு உண்டா என்பதை அல்ல, காங்கிரஸ் எந்த வடிவிலாவது அனுமதி கொடுத்ததா என்பதை. அந்த அளவுகோலில் வியட்நாமுக்கு 1964இல் அனுமதி இருந்தது. 1991 வளைகுடாப் போருக்கும் 2003 ஈராக் போருக்கும் இருந்தது. 1950 கொரியாவுக்கு இல்லை. 1999 கொசோவோவுக்கு இல்லை. 2011 லிபியாவுக்கும் இல்லை.

இதோடு சர்வதேசச் சட்டத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தனிக் கணக்கு. கொரியாவுக்கு ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானம் இருந்தது, காங்கிரசின் அனுமதி இல்லை. லிபியாவும் அப்படியே. 2003 ஈராக்குக்கு நேர்மாறு: காங்கிரஸ் அனுமதித்தது, பாதுகாப்பு மன்றம் புதிதாக எந்த வெளிப்படையான ஒப்புதலும் தரவில்லை. கொசோவோவுக்கு இரண்டுமே இல்லை. 1991க்கு இரண்டுமே இருந்தன. அனுமதி இருந்தது என்பதற்காக ஒரு போர் நல்ல முடிவாகிவிடாது என்பதற்கு ஈராக்கே போதும். உள்நாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம், அரசியல் விவேகம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான் விவாதம் தெளிவடையும்.

அனுமதி எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் அசல் கோளாறு புரியும். 1964 ஆகஸ்ட் 2 அன்று டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றை வட வியட்நாம் படகுகள் தாக்கின, இது உண்மை. ஆகஸ்ட் 4 அன்று இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லப்பட்டது. அது நடக்கவே இல்லை. அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்று ஆய்வே, இடைமறித்த தகவல்கள் தவறாகக் கையாளப்பட்டதை விவரிக்கிறது. அந்த ஆய்வு 2005இல்தான் பொதுவெளிக்கு வந்தது. ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபை ஒரு மணி நேரம்கூட விவாதிக்காமல் 416க்கு 0 என்று தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட்டில் 88க்கு 2. எதிர்த்தவர்கள் மோர்ஸ், குரூனிங் இருவர் மட்டுமே. தீர்மானத்தின் முன்வரைவு நிர்வாகத்திடம் சில மாதங்களுக்கு முன்பே தயாராக இருந்தது. அது தேர்தல் ஆண்டு. கம்யூனிசத்திடம் மென்மையாக நடக்கிறார் என்று எதிர்க்கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அதிபர் ஜான்சனுக்கு உறுதியைக் காட்டியாக வேண்டியிருந்தது. எல்லையோ கால வரம்போ இல்லாத அந்தத் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. அதன் பிறகும் போர் ஓடியது. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைப்போல் பல மடங்கு வியட்நாமியரும் செத்தார்கள்.

அந்தக் காயத்திலிருந்து வந்ததுதான் 1973 நவம்பர் 7 அன்று அதிபர் நிக்சனின் வீட்டோவை (மறுப்பதிகாரத்தை) தாண்டி நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம். இது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அதிபர் படைகளைச் சண்டையிலோ சண்டை மூளும் சூழலிலோ இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை வந்த நாளிலிருந்து, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 60 நாள் கடிகாரம் ஓடும். அதற்குள் காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் படைகள் திரும்ப வேண்டும். பாதுகாப்பாக விலகுவதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள். அந்த 60 நாளுக்கு முன்பேகூட, இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரே தீர்மானத்தைப் போட்டால் (இதற்கு ஒருமித்த தீர்மானம் என்று பெயர்) அதிபர் படையைத் திருப்பியழைக்க வேண்டும். அதற்கு அவர் கையெழுத்து வேண்டியதில்லை. தாளில் பார்த்தால் இது கடுமையான சட்டம். காங்கிரஸ் வாயே திறக்காவிட்டாலும் போர் தானாக நின்றுவிடும்படி எழுதப்பட்டது. அதன் உயிர்நாடியே அந்தத் தானியங்கித் தன்மைதான்.

மூன்று ஓட்டைகள் அந்த உயிர்நாடியை அறுத்தன. முதல் ஓட்டை அறிக்கையின் வாசகத்தில் இருக்கிறது. சட்டம் மூன்று வகை அறிக்கைகளைச் சொல்கிறது: சண்டையில் இறங்கியது, சண்டைக்கு ஆயத்தமாக வேற்று நாட்டுக்குள் போனது, ஏற்கெனவே இருக்கும் படையைக் கணிசமாகக் கூட்டியது. 60 நாள் கடிகாரம் முதல் வகைக்கு மட்டுமே ஓடும். ஆகவே அதிபர்கள் எந்த வகை என்று சொல்லாமலே அறிக்கை அனுப்புகிறார்கள். "போர் அதிகாரத் தீர்மானத்தின்படி" என்று எழுதாமல், "அதற்கு இசைவாக" என்று எழுதுவது எல்லாக் கட்சி அதிபர்களின் வழக்கமாகிவிட்டது. முதல் வகையை வெளிப்படையாகக் குறிப்பிட்ட ஒரே அறிக்கை 1975இல் கம்போடியா பிடித்த மயாகெஸ் கப்பலின் மீட்பின்போது அதிபர் போர்ட் அனுப்பியது. அது போய்ச் சேரும்போது நடவடிக்கையே முடிந்திருந்தது.

இரண்டாவது ஓட்டை, எது "சண்டை" என்று சட்டம் வரையறுக்காமல் விட்டது. 2011 மார்ச் 19 அன்று லிபியா மீது குண்டுவீச்சு தொடங்கியது. மே 20 அன்று 60 நாள் முடிந்தது. நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகமும் பென்டகனின் தலைமை வழக்கறிஞரும் இது சண்டைதான் என்று கருதினார்கள். ஒபாமா அவர்களை விட்டுவிட்டு, வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹரால்ட் கோவின் வாதத்தை எடுத்துக்கொண்டார்: தரையில் அமெரிக்கப் படை இல்லை, அமெரிக்க உயிரிழப்புக்கு வாய்ப்பு குறைவு, தலைமை நேட்டோவிடம் இருக்கிறது, ஆகவே சட்டம் சொல்லும் சண்டை இது இல்லை. குண்டு விழும் ஊரிலிருந்து பார்த்தால் இந்த வாதம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிடக் கவலை தருவது அதன் பின்விளைவு: தன் பக்கத்துச் சிப்பாய் சாகாதவரை அது சண்டையே இல்லை என்றால், ஆளில்லா விமானங்களும் நெடுந்தூர ஏவுகணைகளும் நிறைந்த காலத்தில் இந்தச் சட்டம் எதற்குப் பொருந்தும்? இன்னொரு உத்தி, ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனி நிகழ்வாகக் கணக்கிட்டுக் கடிகாரத்தை மீண்டும் மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. 1987, 1988இல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் போனபோதே ரீகன் நிர்வாகம் இப்படி வாதிட்டது.

மூன்றாவது ஓட்டைதான் மிகப் பெரியது, ஆனால் செய்திகளில் அரிதாகவே பேசப்படுவது. 1983இல் குடிவரவு தொடர்பான சாதா (Chadha) என்ற வழக்கில், அதிபரின் கையெழுத்துக்குப் போகாத தீர்மானத்தைக் கொண்டு காங்கிரஸ் அவருக்குக் கட்டளையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போரைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் போர் அதிகாரத் தீர்மானத்தில் இருந்த ஒருமித்த தீர்மான வழி அதோடு செத்தது என்றே பெரும்பாலான சட்ட வல்லுநர்கள் கருதுகிறார்கள். இப்போது காங்கிரஸ் போரை நிறுத்த வேண்டுமானால் அதிபரிடம் கையெழுத்துக்குப் போகும் கூட்டுத் தீர்மானம் வேண்டும்; அவர் வீட்டோ செய்வார்; அதைத் தாண்ட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். போரைத் தொடங்கப் பெரும்பான்மை வேண்டும் என்று நினைத்து எழுதிய சாசனம், இன்று 34 செனட்டர்கள் இருந்தால் போரைத் தொடரலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

இது வெறும் கணக்கு அல்ல, இரண்டு முறை நடந்தும்விட்டது. ஏமனில் சவூதி தலைமையிலான போருக்கு அமெரிக்கா தந்த உதவியை நிறுத்தும் தீர்மானத்தை 2019 மார்ச்சில் செனட் 54க்கு 46 என்றும், ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 247க்கு 175 என்றும் நிறைவேற்றின. டிரம்ப் ஏப்ரல் 16 அன்று வீட்டோ செய்தார். மே மாதம் செனட்டில் மறுவாக்கெடுப்பு 53க்கு 45 என்று போய்த் தோற்றது. 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி சுலைமானி அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்ட பிறகு, அனுமதியின்றி ஈரானோடு போர் கூடாது என்ற தீர்மானம் செனட்டில் 55க்கு 45, கீழவையில் 227க்கு 186 என்று தேறியது. மீண்டும் வீட்டோ, மறுவாக்கு 49க்கு 44. இரு அவைகளின் பெரும்பான்மையும் "வேண்டாம்" என்று சொல்லியும் எதுவும் மாறவில்லை.

வாக்கெடுப்பு வரை போவதே ஒரு பாடு. செனட்டில் இத்தகைய கூட்டுத் தீர்மானத்துக்குத் தனிச் சலுகை உண்டு: குழு 10 நாளில் முடிவெடுக்காவிட்டால், ஒரு தனி உறுப்பினரே அதை அவைக்கு இழுத்து வந்து வாக்கெடுப்பைக் கட்டாயப்படுத்தலாம், முடிவில்லாப் பேச்சால் முடக்க முடியாது. எந்தக் கட்சித் தலைமை விரும்பாவிட்டாலும் ஏமன் தீர்மானம் மேலே வந்தது இந்த வழியில்தான். கீழவையில் அந்தப் பாதுகாப்பு பலவீனம். அங்கே அன்றைய நிகழ்ச்சிக்கான விதியைப் பெரும்பான்மைக் கட்சி எழுதுகிறது. அந்த விதிக்குள் ஒரு வரியைச் செருகினால் தீர்மானத்தின் சலுகை போய்விடும். 2018 டிசம்பரில் விவசாய மசோதாவுக்கான விதிக்குள் ஏமன் தீர்மானத்தைத் தடுக்கும் வாசகத்தை வைத்து 206க்கு 203 என்று நிறைவேற்றினார்கள். பஞ்சத்தில் சாகும் குழந்தைகளைப் பற்றிய விவாதம் மானியங்களைப் பற்றிய மசோதாவுக்கு அடியில் புதைக்கப்பட்டது. இதை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. அவர்களே செய்தார்கள்.

அனுமதி கொடுக்கும்போதும் இதே போக்குத்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மூன்றாம் நாள், கீழவை 420க்கு 1, செனட் 98க்கு 0 என்று 60 சொற்களில் ஓர் அனுமதியைக் கொடுத்தன. எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவரே. அந்த அறுபது சொற்களில் எதிரியின் பெயர் இல்லை, நாட்டின் பெயர் இல்லை, முடிவு நாள் இல்லை. அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், செய்தவர்கள், உதவியவர்கள், அடைக்கலம் தந்தவர்கள் யார் என்று தீர்மானிப்பதை அதிபரிடமே விட்டுவிட்டார்கள். "தொடர்புடைய படைகள்" என்ற சொல் சட்டத்தில் இல்லவே இல்லை; அதை நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். அதன் நீட்சியாக ஏமன், சோமாலியா, சிரியா வரை அந்த அனுமதி பயணித்தது. 2014இல் ஐ.எஸ். அமைப்பின் மீதான போருக்கும் அதுவே காரணம் காட்டப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் அல் கொய்தாவே அந்த அமைப்போடு தனக்குத் தொடர்பில்லை என்று அறிவித்திருந்தது. 2015 பிப்ரவரியில் மூன்றாண்டு வரம்போடு ஒரு புதிய அனுமதி வரைவை ஒபாமா அனுப்பினார். காங்கிரஸ் அதன் மீது வாக்கெடுப்பே நடத்தவில்லை.

ஏன் நடத்தவில்லை என்பதில்தான் உள்நாட்டு அரசியல் வருகிறது. ஆதரித்து வாக்களித்துப் போர் தோற்றால் அந்த வாக்கு அடுத்த தேர்தலில் துரத்தும். 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்த ஹிலாரி கிளிண்டனை 2008இல் ஒபாமா அந்த வாக்கைக் காட்டியே நெருக்கினார். எதிர்த்து வாக்களித்துப் போர் வென்றால் கோழை என்ற பட்டம். 1991இல் எதிர்த்த ஜனநாயகக் கட்சியினருக்கு அது நேர்ந்தது. வாக்களிக்காமல் இருப்பதற்கு மட்டும் தண்டனை இல்லை. 1999 ஏப்ரல் 28 அன்று கொசோவோ பற்றிக் கீழவை எடுத்த முடிவுகளை அடுக்கிப் பாருங்கள். போர் அறிவிப்பா? 2க்கு 427, வேண்டாம். படையைத் திருப்பியழைக்கலாமா? 139க்கு 290, வேண்டாம். வான்தாக்குதலுக்கு ஒப்புதலா? 213க்கு 213, சமநிலை, ஆகவே தோல்வி. அடுத்த மாதம் அதே போருக்குப் பணம் ஒதுக்கினார்கள். பணம் ஒதுக்குவதை அனுமதியாகக் கருதக் கூடாது என்று 1973 சட்டமே சொல்லியிருந்தும், பணம் தந்ததே அனுமதிதான் என்று நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள் பின்னர் எழுதினார்கள். போர் 78 நாள் நடந்தது. லிபியாவிலும் ஒரே நாளில், 2011 ஜூன் 24 அன்று, ஒப்புதல் தீர்மானத்தை 123க்கு 295 என்று தோற்கடித்த கீழவை, பணத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் 180க்கு 238 என்று தோற்கடித்தது.

நீதிமன்றம் ஏன் தலையிடவில்லை என்று அடுத்துத் தோன்றும். 1990இல் வளைகுடாப் போருக்கு முன் 50க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வழக்குப் போட்டபோது, அதிபர் சொல்வதுபோல் அவருக்கு வரம்பற்ற அதிகாரம் இல்லை என்று நீதிபதி ஹரால்ட் கிரீன் தெளிவாக எழுதினார். ஆனால் காங்கிரசின் பெரும்பான்மை எதுவும் செய்யாதவரை வழக்கு விசாரணைக்குப் பக்குவமாகவில்லை என்று முடித்துவிட்டார். கொசோவோவுக்காகத் தொடுத்த வழக்கும், உங்களிடமே சட்டம் போடும் வழி இருக்கிறதே என்ற காரணத்தால் தள்ளுபடியானது. நீதிமன்றங்களை எதிர்பார்ப்பது வீண் என்பது என் கருத்து. 1952இல் கொரியப் போரைச் சொல்லி ட்ரூமன் உருக்காலைகளைக் கைப்பற்றியபோது உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தடுத்தது உண்மைதான். அது உள்நாட்டுச் சொத்து பற்றியது, போரை அது தொடவில்லை.

செல்வாக்கு சரியும்போது அதிபர்கள் கவனத்தைத் திருப்பவே குண்டு போடுகிறார்கள் என்ற வாதத்தையும் பலர் வைப்பார்கள். இங்கே கவனமாக இருக்க வேண்டும். நெருக்கடி நேரத்தில் மக்கள் அதிபரின் பின்னால் திரள்வது உறுதியான உண்மை: 2001 செப்டம்பரில் புஷ்ஷுக்கு காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் இருந்த 51 சதவீத ஆதரவு இரண்டே வாரத்தில் 90 ஆனது. அது நிலைக்காது என்பதும் உறுதி: 1991இல் 89 சதவீதத்தைத் தொட்ட அவர் தந்தை 1992 தேர்தலில் தோற்றார். ஆனால் குறிப்பிட்ட ஒரு தாக்குதலின் உள்நோக்கம் வேறு விஷயம். 1998 ஆகஸ்ட் 17 அன்று கிளிண்டன் லெவின்ஸ்கி விவகாரத்தில் சாட்சியம் அளித்தார். 20ஆம் தேதி சூடான், ஆப்கானிஸ்தான் மீது ஏவுகணை பாய்ந்தது. அதே மாதம் 7ஆம் தேதி நைரோபி, தார் எஸ் சலாம் நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து 224 பேர் இறந்திருந்ததும் உண்மை. தேதிகள் உறுதியானவை, நோக்கம் நிரூபிக்க முடியாதது. ஆகவே அந்த வாதத்தின் மீது பெரிய கட்டடம் எழுப்பாமல் இருப்பது நல்லது. ஒருவரின் மனத்தைப் படிக்கத் தேவையில்லாத கேள்வி ஒன்று இருக்கிறது: அவர் நோக்கம் எதுவானாலும், வேறொருவரின் ஒப்புதல் அவசியம் என்ற நிலை இருந்ததா?

அந்த நிலை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2013 சிரியா சான்று. ரசாயன ஆயுதத் தாக்குதலுக்குப் பதிலடியாகச் சிரியாவைத் தாக்கும் பேச்சு எழுந்தபோது, ஆகஸ்ட் 29 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை 285க்கு 272 என்று அதை மறுத்தது, பிரிட்டன் ஒதுங்கியது. இரண்டு நாள் கழித்து ஒபாமா காங்கிரசின் ஒப்புதலைக் கேட்கப்போவதாக அறிவித்தார். செனட் குழுவில் 10க்கு 7 என்று தேறினாலும், இரு அவைகளிலும் ஆதரவு கரைந்துகொண்டே போனது. வாக்கெடுப்பு நடக்கும் முன் ரஷ்யாவோடு ரசாயன ஆயுத ஒப்பந்தம் வந்துவிட்டது. அந்த ஒப்பந்தம் பின்னர் முழுமையாகக் காக்கப்படவில்லை. அதனால் அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் கேட்டே ஆகவேண்டும் என்றால் வேகம் குறைகிறது, மாற்று வழி தேடப்படுகிறது என்பதை மறுக்க முடியாது.

உண்மையில் வேலை செய்த கருவி ஒன்று உண்டு: தேதி போட்ட பணக் கட்டுப்பாடு. 1973 ஜூனில் கம்போடியக் குண்டுவீச்சுக்கு உடனே பணத்தை நிறுத்தும் மசோதாவை நிக்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் விடவில்லை, அப்போதெல்லாம் அரசின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிந்ததால், அரசு இயங்கத் தேவையான ஒதுக்கீட்டு மசோதாவிலேயே அதைக் கோத்தது. அரசையே மூடுவதா, இறங்கி வருவதா என்ற நிலையில் ஆகஸ்ட் 15 என்ற தேதிக்கு அவர் இணங்கினார். அந்த நாளோடு குண்டுவீச்சு நின்றது. 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்த பிறகு, 1994 மார்ச் 31க்குப் பின் பணம் இல்லை என்று பாதுகாப்பு ஒதுக்கீட்டிலேயே எழுதினார்கள். படைகள் அதற்குள் வெளியேறின. இரண்டிலும் மூன்று அம்சங்கள் பொது: அதிபரால் மறுக்க முடியாத மசோதாவில் இணைத்தது, திட்டவட்டமான நாள், விலகுவதற்கான அவகாசம். அவகாசம் முக்கியம், அது இல்லாவிட்டால் "களத்தில் நிற்கும் வீரனின் தோட்டாவைப் பிடுங்குகிறார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் மசோதா செத்துவிடும். பணத்தடையும் முழுக் காப்பு அல்ல. 1984இல் நிகராகுவா கிளர்ச்சிப் படைக்குப் பணம் தரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தை அங்கே திருப்பிவிட்டது 1986 நவம்பரில் அம்பலமானது.

இந்தக் கருவியை எடுக்க வைப்பது மக்களின் அழுத்தம். அந்த அழுத்தத்தை மழுங்கடிக்கும் ஏற்பாடுகளும் வளர்ந்துவிட்டன. வியட்நாம் காலத்தில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கட்டாயமாகப் படைக்கு எடுக்கப்பட்டார்கள். 1968இல் வருமான வரி மீது 10 சதவீதக் கூடுதல் வரி விழுந்தது. போர் வீட்டுக்குள் வந்தது. 1973இல் கட்டாயப் படைச்சேர்ப்பு முடிந்தது. 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கி, மே மாதமே வரிக்குறைப்புச் சட்டம் கையெழுத்தானது; செலவு கடனில் போனது. பிள்ளையும் போகவில்லை, பையிலிருந்து பணமும் போகவில்லை என்றால், தொகுதி மக்கள் எதற்காகத் தம் உறுப்பினரை நெருக்குவார்கள்? கட்டாயப் படைச்சேர்ப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஏழைகளைத்தான் முதலில் தின்னும். போர்ச் செலவை அந்தந்த ஆண்டே வரியாகக் காட்டுவது அதைவிட நியாயமான வழி.

சீர்திருத்த யோசனைகளில் எனக்கு உருப்படியாகத் தெரிவது, 2021இல் இரு கட்சிகளையும் சேர்ந்த செனட்டர்கள் கிறிஸ் மர்பி, மைக் லீ, சுயேச்சையான சாண்டர்ஸ் மூவரும் கொண்டுவந்த மசோதா. 60 நாளை 20 ஆகக் குறைப்பது, சண்டை என்பதை வரையறுப்பது, கெடு தாண்டினால் பணம் தானாகவே நிற்பது ஆகியவை அதன் சாரம். கடைசி அம்சம்தான் சாதா தீர்ப்பால் உண்டான தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்கிறது: போரைத் தொடர விரும்புகிறவர் பெரும்பான்மை தேட வேண்டியிருக்கும், நிறுத்த விரும்புகிறவர் மூன்றில் இரண்டு பங்கைத் தேட வேண்டியிருக்காது. அது சட்டமாகவில்லை. அப்படிச் சட்டமாக்கவும் ஓர் அதிபரின் கையெழுத்தோ மூன்றில் இரண்டு பங்கோ வேண்டும் என்பதால், எளிதில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை அமெரிக்கத் தாக்குதல் ஒன்று செய்தியில் வரும்போது என்ன பார்ப்பது என்று தெரிந்துகொள்ள விரும்பினால்: இரண்டு நாளுக்குள் வரும் அறிக்கையில் அதிபர் எந்தச் சட்டத்தைக் காரணம் காட்டுகிறார் என்று பாருங்கள். 2001 அனுமதியா, வெறும் தலைமைத் தளபதி அதிகாரமா? நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் தன் கருத்தை வெளியிட்டால், அதில் இரண்டு சோதனைகள் இருக்கும்: முக்கியமான தேசிய நலன் உண்டா, நடவடிக்கையின் தன்மையும் அளவும் கால நீளமும் போர் என்று சொல்லும் அளவுக்குப் போகிறதா. முதல் சோதனையில் எந்த நிர்வாகமும் தோற்பதில்லை. இரண்டாவதில் எழுதியிருக்கும் கால நீளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். செனட்டில் தீர்மானம் வந்தால் 51 என்ற எண்ணை விட 67 என்ற எண்ணுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் தாக்கப்பட்ட பிறகு வந்த தீர்மானம் 47க்கு 53 என்று முதல் படியிலேயே நின்றது. கடைசியாக, அக்டோபர் 1 அன்று தொடங்கும் நிதியாண்டுக்கான பாதுகாப்பு ஒதுக்கீட்டு மசோதாவைத் தேடுங்கள். கண்டனப் பேச்சு பேசிய உறுப்பினர்கள் அந்த மசோதாவில் ஒரு நாளைக் குறித்துத் திருத்தம் கொண்டுவந்தார்களா, அதற்கு யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும்.